பாலைக் குழுவுக்கு யார் போவது?

மே மாதம் கருங்கல் சந்திப்பில் பேருந்தைவிட்டு இறங்கினால் முதலில் கண்ணில் படுவது பிள்ளைகளின் முகங்கள். திங்கள்நகர் போகும் சாலை, மார்த்தாண்டம் போகும் சாலை, புதுக்கடைக்குத் திரும்பும் முக்கு, எங்கு பார்த்தாலும் பிளக்ஸ். பாஸ்போர்ட் படத்தை இழுத்துப் பெரிதாக்கி, கீழே மதிப்பெண் போட்டிருப்பார்கள். நடுவில் நிற்கும் பிள்ளைக்குப் பெரிய முகம். ஓரத்துக்குப் போகப்போக முகம் சிறுத்து, கடைசி வரிசையில் புளியங்கொட்டை அளவாகிவிடும். தலைப்பு எல்லாவற்றிலும் ஒன்றுதான்: 'எங்கள் பள்ளியின் பெருமை'.

பொதுத்தேர்வு முடிவில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017-ல் நிறுத்தியது. அரசு நிறுத்தியதை எங்கள் ஊர் மின்கம்பங்கள் நிறுத்தவில்லை. அதில் எனக்குப் பெரிய கோபம் ஒன்றும் இல்லை. அண்டி ஆபீஸில் முந்திரிப்பருப்பு தொலிக்கும் ஒரு தாய்க்குத் தன் மகளின் முகம் சந்திப்பில் தொங்குவது சின்ன விஷயம் அல்ல. என் சங்கடம் வேறு. இத்தனை ஆண்டுகளில் அந்தப் பிளக்ஸ்களில் ஒரு கோ-கோ அணியையோ, ஒரு நாடகக் குழுவையோ, ஆண்டு விழாவில் திரைச்சீலை இழுத்த பையனையோ நான் பார்த்ததில்லை. பெருமை என்றால் தனித்தனி முகம், முகத்துக்கு ஒரு எண். பள்ளிக்கூடம் என்ற ஒன்று அந்தப் படத்தில் எங்கே இருக்கிறது?

'அவன் எங்க ஸ்கூல்' என்று ஒரு பிள்ளை சொல்லும்போது குரலில் ஒரு நிமிர்வு வருமே, அதற்குத் தமிழில் சரியான ஒற்றைச் சொல் இருக்கிறதா என்று யோசித்திருக்கிறேன். 'பள்ளிப்பற்று' என்றால் பேச்சுப்போட்டி வாசம் அடிக்கிறது. சொல் இல்லையே தவிர, அந்த உணர்வை எங்கள் தலைமுறை நன்றாக அறியும். இருபது வருடம் கழித்து துபாய் விமான நிலையத்தில் சந்தித்துக்கொள்ளும் இரண்டு கருங்கல்காரர்கள், ஊர் பெயருக்கு அடுத்தபடி கேட்கும் கேள்வி 'எந்த ஸ்கூல்லே படிச்ச?' என்பதுதான். பதில் ஒன்றாக இருந்துவிட்டால் பெட்டிகளை ஓரமாக வைத்துவிட்டுச் சாயா குடிக்கப் போய்விடுவார்கள்.

அந்த உணர்வு எங்கே விளைந்தது என்று பார்த்தால், பாதி வகுப்பறைக்கு வெளியே. என் காலத்தில் நாங்கள் நடந்துதான் போனோம். ரப்பர் தோட்டத்து ஒற்றையடிப் பாதை, மரச்சீனி விளை, குளத்தங்கரை, பிறகு தார்ச்சாலை. வழியில் அயனிச்சக்கை விழுந்து கிடந்தால் அன்றைக்கு முதல் பீரியட் போச்சு. கொல்லாம்பழக் கறை பட்ட சட்டையோடு அசெம்பிளியில் நின்று அடி வாங்கியவர்களுக்குள் ஒரு தோழமை உண்டு. அதை எந்த ஆண்டு விழாவும் உண்டாக்க முடியாது. கடற்கரைப் பையன்கள் மிடாலம், குறும்பனைப் பக்கமிருந்து வருவார்கள். மேட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் பால்வெட்டு முடித்துவிட்டு, விரல் இடுக்கில் ரப்பர் பால் காய்ந்திருக்க வருவார்கள். கிட்டத்தில் இருக்கிற பள்ளி என்பதால் எல்லாரும் ஒரே பள்ளி. பெஞ்சில் இடம் போட்டது உயரம் மட்டும்தான்.

இன்று காலை ஆறரைக்கெல்லாம் மஞ்சள் வேன்கள் ஊடுவழிகளில் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிடும். ஒரே தெருவின் நான்கு வீடுகளில் நான்கு சீருடை. ஒரு வேன் கிழக்கே போகும், ஒன்று மேற்கே. வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி என்ற வழக்கம் போய், கட்டணத்துக்குத் தக்க பள்ளி என்று ஆகிவிட்டது. மாலை நாலரைக்கு வேன் எடுத்துவிடுவான் என்பதால் பள்ளி முடிந்த பிறகு மைதானத்தில் யாரும் இல்லை. வேன் இல்லாத பிள்ளைக்கு டியூஷன் இருக்கிறது. பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் பி.டி. பீரியட் என்று கால அட்டவணையில் ஒரு கட்டம் இருக்கும். கணக்கு சார் அந்தக் கட்டத்தை ஜூன் மாதத்திலேயே வாங்கிக்கொண்டுவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவருடைய வேலையை அளக்கும் கோலும் அந்தப் பிளக்ஸ்தான்.

சரி, காலம் மாறிவிட்டது, நடந்து போன கதையைச் சொல்லிக் கண்ணைக் கசக்குவதில் என்ன பயன் என்று கேட்கலாம். வேறு ஊர் என்றால் நானும் விட்டுவிடுவேன். எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் வேறு ஒரு வேலையையும் செய்துவந்தது. அதைச் செய்ய இங்கே வேறு ஆள் இல்லை. அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

வெளியூர்க்காரர்கள் குமரி மாவட்டம் முழுவதையும் நாஞ்சில் நாடு என்று சொல்லிவிடுகிறார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து வயல்காட்டுக்காரர்கள் அதை அவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நாங்கள் மேற்கே, மேடும் விளையுமான பகுதி. எது எப்படியானாலும் 1956 நவம்பர் 1 வரை மொத்தமும் திருவிதாங்கூர் மண். அந்த மண்ணில் யார் எந்தச் சாலையில் நடக்கலாம், யார் எந்த உடை உடுத்தலாம் என்பதற்கெல்லாம் சட்டம் இருந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கு அரச அறிவிப்பு வர 1859 ஆனது. கோயில் வாசல் எல்லா இந்துக்களுக்கும் திறக்க 1936 ஆனது. பள்ளிக்கூடம் அவற்றுக்கெல்லாம் முந்திக்கொண்டது. மிஷனரி ரிங்கல்தௌபே 1806-ல் மயிலாடிக்கு வந்தார். கல்விச் செலவை அரசே ஏற்கவேண்டும் என்று ராணி கௌரி பார்வதி பாய் 1817-ல் ஆணையிட்டார். 1819-ல் நாகர்கோவிலில் மீட் பாதிரியாரின் செமினரி எழுந்தது; பின்னாளில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி ஆனது அதுதான். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு குமரி மாவட்டம் தமிழ்நாட்டில் முதலிடத்தில் நின்றதற்கு இருநூறு வருட முன்கதை உண்டு.

ஆனால் எழுத்தறிவைவிடப் பெரிய சண்டை பெஞ்சுக்காக நடந்தது. இன்றைய எல்லைக்கு அப்பால், நெய்யாற்றின்கரைப் பக்கம் ஊரூட்டம்பலம் என்று ஓர் ஊர். பஞ்சமி என்ற தலித் சிறுமியின் கையைப் பிடித்து சமூகப் போராளி அய்யன்காளி அங்குள்ள பள்ளிக்கூடத்துக்குள் அழைத்துப்போய் உட்கார வைத்தார். அந்தப் பிள்ளை உட்கார்ந்ததற்காகப் பள்ளிக்கூடத்தையே கொளுத்தினார்கள். தீயில் பாதி கருகிய பெஞ்சு ஒன்றை அந்தப் பள்ளியில் இன்றும் வைத்திருக்கிறார்கள். சேர்ந்து உட்காருவது என்பது எங்கள் பகுதியில் என்ன விலை கொடுத்து வாங்கப்பட்டது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை. கருங்கல்லிலிருந்து கூப்பிடு தூரத்தில் தேங்காய்ப்பட்டணம். அங்கே பிறந்த தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் ஊர்ப் பெரிய மனிதரை நடுங்க வைப்பது கடலோ போலீஸோ அல்ல, ஊருக்குள் வரப்போகும் ஒரு பள்ளிக்கூடம். தன் பிடி எங்கே தளரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இப்போதைய நிலைக்கு வருகிறேன். எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு மேடைக்குப் பஞ்சம் இல்லை. கிறிஸ்துமஸ் வந்தால் குடில் போட்டி, கீதப் பவனி. ஆலயத் திருவிழா என்றால் கொடியேற்று முதல் ஒவ்வொரு இரவும் கலைநிகழ்ச்சி. மறைக்கல்வி ஆண்டு விழா, சி.எஸ்.ஐ. சபைகளில் ஓய்வுநாள் பள்ளி, கோயில்களில் சமய வகுப்பு, அதற்கு ஒரு மாநாடு. பள்ளிவாசல் பக்கம் மீலாது விழாப் பேச்சு. ஓணம் வந்தால் மன்றங்கள் அத்தப்பூவும் வடம்வலியும் நடத்தும். எங்கள் பகுதிப் பிள்ளை மேடைப்பயம் இல்லாமல் வளர்வதற்குக் காரணம் இவைதான். நானே முதல் முதலாக மைக் பிடித்தது இப்படி ஒரு மேடையில்தான். இவற்றில் எதையும் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஒவ்வொரு மேடையிலும் ஏறுகிறவர் ஒரு கூட்டத்தார், கீழே உட்கார்ந்து கைதட்டுகிறவரும் அதே கூட்டத்தார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எங்கள் பிள்ளைகள் தனித்தனிக் கூரைக்குக் கீழ்தான் பாடுகிறார்கள். எல்லாரும் ஒரே மேடையில் ஏறி, எல்லார் வீட்டுத் தாய்மாரும் ஒரே மைதானத்தில் உட்கார்ந்து பார்க்கிற ஒரே இடம் பள்ளி ஆண்டு விழாவாகத்தான் இருந்தது.

அது ஏன் முக்கியம் என்று 1982-ல் தெரிந்தது. அந்த மார்ச் 1 அன்று மண்டைக்காட்டுக் கோயில் கொடையின்போது மூண்ட மத மோதலும் துப்பாக்கிச்சூடும் மாவட்டத்தைப் பிளந்தன. நீதிபதி வேணுகோபால் ஆணையம் விசாரித்தது, பரிந்துரைகள் வந்தன. அவற்றையெல்லாம் பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். அப்போது நான் ஏழாம் வகுப்பு. பள்ளி திறந்த அன்று வகுப்புக்குள் நுழைந்த பிள்ளைகள் வாசலிலேயே தயங்கி நின்றார்கள். யார் பக்கத்தில் போய் உட்காருவது என்று அதுவரை யோசிக்கத் தேவை இருந்ததே இல்லை. எங்கள் டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்துகொண்டு, தலையைத் தூக்காமல், 'பழைய எடத்துல இருங்க மக்களே' என்றார். இருந்தோம். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த அன்றாடம் மாறாமல் நின்றது எங்கள் ஊரில் அந்த ஒரு கட்டடத்துக்குள் மட்டும்தான். அந்த மாதக் கடைசியில் நடக்கவேண்டிய ஆண்டு விழாவை எச்.எம். ரத்துசெய்யாமல் ஏப்ரலுக்குத் தள்ளிவைத்தார். அவருக்கு எத்தனை பேர் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள் என்று இப்போது நினைத்துப்பார்க்கிறேன்.

கலை என்று வந்தால் எங்கள் பிள்ளைகளின் கண் மேற்கே பார்க்கும். இதை மறைத்துப் பயனில்லை. 1956 நவம்பர் 1 அன்று நாங்கள் தாய்த்தமிழகத்தோடு சேர்ந்தோம். அதற்காக 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் உயிர்கள் போயின. அந்த முடிவில் எனக்கு மறுபேச்சு கிடையாது. ஆனால் வரலாறு சில வேடிக்கைகளைச் செய்யும். நாங்கள் பிரிந்துவந்து மூன்று மாதம்கூட ஆகாத 1957 ஜனவரியில், எர்ணாகுளத்தில் கேரளத்தின் முதல் பள்ளி இளைஞர் விழா நடந்தது. அடுத்த ஆண்டு விழாவில் சாஸ்திரிய சங்கீதத்தில் முதல் பரிசு வாங்கிய பையன் யேசுதாஸ். மிருதங்கத்தில் முதல் பரிசு ஜெயச்சந்திரன். ஜெயச்சந்திரன் மிருதங்கம் வாசிக்க, யேசுதாஸ் பாடும் அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்க்காத மலையாளி இல்லை. ஒரு வருடம் முந்திப் பிரிந்துவிட்டோம் என்று தோன்றும் எனக்கு, அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம்.

கலோத்சவம் என்று இன்று அழைக்கப்படும் அந்த விழா 2025 ஜனவரி 4 முதல் 8 வரை திருவனந்தபுரத்தில் நடந்தது. கருங்கல்லிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரம். 249 போட்டிகள். 117½ பவுன் தங்கக் கோப்பையைத் திருச்சூர் 1,008 புள்ளி எடுத்து வாங்கியது; 1,007 எடுத்த பாலக்காடு ஒரே புள்ளியில் இழந்தது. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது கோப்பை அல்ல. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டு நிலச்சரிவில் சிதைந்த வெள்ளார்மலைப் பள்ளியின் பிள்ளைகள் தொடக்க விழாவில் ஆடினார்கள். கட்டடம் இல்லை, மைதானம் இல்லை, உடன் படித்த சிலர் இல்லை. தற்காலிகமாக மேப்பாடியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவர்கள், தங்கள் பள்ளியின் பெயரில் மேடையேறினார்கள். பள்ளி என்பது எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு அந்தப் பிள்ளைகளிடம் பதில் இருந்தது.

அங்கே எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. நடன ஆசிரியருக்கும் அலங்காரத்துக்கும் கடன் வாங்கும் பெற்றோர், நடுவர் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம்வரை போகும் அப்பீல்கள், பிள்ளையைவிட அம்மாவுக்கு அதிகமாக ஏறும் ரத்த அழுத்தம் எல்லாம் அங்கே உண்டு. மலையாளப் பத்திரிகைகளே ஆண்டுதோறும் இதைப் புலம்பும். ஆனால் அந்த விழாவில் ஊர் இருக்கிறது. எந்த ஊரில் நடக்கிறதோ அந்த ஊர் ஐந்து நாள் அதற்காகவே விழித்திருக்கும். ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஊட்டுப்புரையில் சோறு. சம்பந்தமே இல்லாத ஆட்டோக்காரர் தங்கள் மாவட்டம் எத்தனை புள்ளி பின்னால் நிற்கிறது என்று மற்றவர்களிடம் விசாரிப்பார். யாருடைய பிள்ளை என்று தெரியாத ஒரு பிள்ளையின் ஆட்டத்தை நின்று பார்க்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டிலும் 2022-ல் கலைத் திருவிழா வந்தது. பள்ளியில் தொடங்கி, வட்டாரம், மாவட்டம் தாண்டி மாநிலம்வரை. வென்றவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்று பட்டம். நல்ல திட்டம், அதில் ஐயம் இல்லை. பறையும் சிலம்பமும் கும்மியும் அரசுப் பள்ளிக்குள் மரியாதையோடு நுழைந்திருக்கின்றன. முதலில் அரசுப் பள்ளிகளுக்கு மட்டும் என்று இருந்தது, பிறகு உதவி பெறும் பள்ளிகளும் சேர்க்கப்பட்டன. உதவி பெறும் பள்ளிகள் மலிந்த எங்கள் மாவட்டத்துக்கு அந்த ஒரு திருத்தம் பெரிய உதவி. ஆனால் நான் பார்த்த வட்டாரப் போட்டி ஒன்றைச் சொல்கிறேன். வேலை நாள், காலை பத்து மணி. ஒரு வகுப்பறையில் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். நடுவர் மூன்று பேர். வாடகை உடையில் எட்டுப் பெண்பிள்ளைகள் ஆடினார்கள். கூட்டி வந்த டீச்சர் ஒருவர், அடுத்து ஆட நிற்கிற பத்துப் பேர், ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த சத்துணவு அம்மா ஒருவர். அவர்தான் பார்வையாளர். பிள்ளைகள் வியர்வையோடு வெளியே வந்து, டீச்சரின் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அரசுப் பேருந்தில் ஏறிப் போனார்கள். சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்ற யாருக்கும் அன்று அப்படி ஒன்று நடந்தது தெரியாது. விழா என்று பெயர் வைத்துவிட்டுத் தேர்வைப்போல நடத்துகிறோம்.

இன்னொன்று. மஞ்சள் வேனில் போகும் மெட்ரிக் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த வகுப்பறை மேடைகூட இல்லை. அவர்கள் பள்ளியின் ஆண்டு விழா ஏதோ ஒரு மண்டபத்தில், எல்.இ.டி. திரையோடு, நுழைவு அட்டையோடு நடக்கும். மறைக்கல்விக்கு ஒரு மேடை, சமய வகுப்புக்கு ஒரு மேடை, கட்டணம் கட்டுகிறவருக்கு ஒரு மேடை, கட்டாதவருக்கு ஒரு மேடை. ஞாயிற்றுக்கிழமைப் பிரிவினையைத் திங்கள் முதல் வெள்ளி சரிசெய்துவந்தது. இப்போது திங்கள் முதல் வெள்ளியும் பிரிந்துபோயிற்று.

பள்ளிக்கூட உணர்வு என்றாலே நல்லது என்றும் நான் எண்ணவில்லை. இரண்டு பள்ளிப் பையன்கள் பேருந்து நிலையத்தில் கல்லெறிந்துகொள்வதும் அதன் பெயரால்தான். அந்த இடம் காலியாகக் கிடந்தால் வேறு எது வந்து உட்காரும் என்பதைப் பக்கத்து மாவட்டம் காட்டிவிட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு படித்த பையன்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது: கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்று பலவும் அதில் உண்டு. கயிற்றை அவிழ்க்கச் சொல்வது சரி. ஆனால் பதினைந்து வயதுப் பையன் ஏதாவது ஒரு கூட்டத்தின் நிறத்தைக் கையில் கட்டிக்கொள்ளத்தான் துடிப்பான். அவிழ்த்த கயிற்றுக்குப் பதிலாக என்ன நிறம் கொடுக்கப்போகிறோம்? பழைய காலத்தில் பள்ளி வாலிபால் அணியின் பனியன் அந்த வேலையைச் செய்தது. முதுகில் மங்கிப்போன எண்ணோடு அதைக் கல்யாணம் ஆகும்வரை போட்டுத் திரிந்தவர்களை எனக்குத் தெரியும்.

அதனால்தான் 2024 நவம்பர் 14 அன்று அரசுப் பள்ளிகளில் 'மகிழ் முற்றம்' தொடங்கியபோது எனக்குப் பிடித்திருந்தது. மாணவர்களையும் ஆசிரியர்களையும் ஐந்து குழுவாகப் பிரிப்பது; குழுக்களின் பெயர் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. பெரிய கான்வென்ட் பள்ளிகளில் சிவப்பு, நீலம் என்று இருந்த ஹவுஸ் முறைதான். ஆனால் பெயரை வைத்தவருக்குக் குமரி மாவட்டம் தெரிந்திருக்கவேண்டும் என்று தோன்றியது. பாலை ஒன்று நீங்கலாக மற்ற நான்கு நிலமும் இருக்கிற மாவட்டம் என்று மேடைதோறும் சொல்லிக்கொள்கிறவர்கள் நாங்கள். பேச்சிப்பாறைப் பக்கம் குறிஞ்சியும் முல்லையும், நாஞ்சில் வயலில் மருதம், கருங்கல்லிலிருந்து தெற்கே சைக்கிள் மிதித்தால் நெய்தல். இந்தப் பெயர்களைக் குலுக்கிப் போட்டால் மிடாலத்து மீனவர் வீட்டுப் பிள்ளை குறிஞ்சிக் கொடியைப் பிடிக்கும். ரப்பர் தோட்டத்துப் பிள்ளை நெய்தலுக்காகத் தொண்டை கிழியக் கத்தும். பிறந்த இடத்தைக் கேட்காமல் ஒரு பக்கம் கொடுக்கிற ஏற்பாடு இது. எந்தச் சொற்பொழிவும் செய்யாததை இது செய்யும்.

நான் போயிருந்த ஒரு பள்ளியில் சீட்டு எழுதிப் போட்டுப் பிள்ளைகளை எடுக்கச் சொன்னார்கள். பாலை என்று வந்த பையனுக்கு முகம் சுண்டிவிட்டது. 'பாலைக்கு யாரு சார் போவா? நம்ம ஊர்ல அது இல்லேல்லா' என்று ஆசிரியரிடம் சீட்டைத் திருப்பி நீட்டினான். வகுப்பு சிரித்தது. ஆசிரியர் வாயைத் திறக்கும் முன்பு பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண்பிள்ளை, 'எனக்க அப்பா நிக்கிற எடந்தானே சார் அது' என்றாள். சிரிப்பு நின்றது. சவுதியில் கொத்தனார் வேலை பார்க்கிறார் அவளுடைய அப்பா. அந்த வகுப்பில் கை தூக்கச் சொன்னபோது பாதிக்கு மேல் கைகள் எழுந்தன; அப்பா, மாமா, அண்ணன், யாராவது ஒருவர் மணலில். பாலையின் ஒழுக்கம் பிரிவு என்று பாடத்தில் படித்ததை நான்கு மதிப்பெண்ணுக்கு எழுதிக் கடந்துவிடுகிறோம். அந்தப் பிள்ளைகள் அதற்குள்தான் குடியிருக்கிறார்கள். பெற்றோர் கூட்டத்துக்குப் பாட்டிகள் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கும் எந்தக் குமரி மாவட்ட ஆசிரியருக்கும் இது தெரியும். அந்தப் பையன் தன் சீட்டை மறுபடி வாங்கிக்கொண்டான்.

குழுப் பிரிப்பதோடும் மாதாமாதம் புள்ளி எழுதுவதோடும் இது பதிவேட்டு வேலையாக முடிந்துவிடக் கூடாது. புள்ளிக்கு மதிப்பு வருவது பார்க்கிறவர்களால்தான். என் யோசனை சாதாரணமானது, பெரிய செலவும் இல்லாதது. வட்டார அளவிலான கலைத் திருவிழாவின் கடைசி நாளையாவது வகுப்பறையிலிருந்து வெளியே எடுங்கள். வேலை நாள் காலை வேண்டாம். சனிக்கிழமை மாலை, ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தில், கதவைத் திறந்துவைத்து நடத்துங்கள். போட்டிக்கு அரசு விதிப்படி யார் வரலாமோ வரட்டும். அது முடிந்ததும் ஒரு மணி நேரம் போட்டி இல்லாத மேடையை மெட்ரிக் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கொடுங்கள். ஆலயத் திருவிழாவுக்கு சீரியல் பல்பு மாட்டுகிற அதே ஒலி-ஒளிக்காரர் இதற்கும் மாட்டுவார். கோயில் கொடைக்குப் பந்தி பரிமாறுகிற அதே மன்றத்துப் பையன்கள் இதற்கும் வருவார்கள், கூப்பிட்டால். சந்தை வியாபாரிகள் மனது வைத்தால் அத்தனை பிள்ளைகளுக்கும் மயக்கிய மரச்சீனியும் சாளைக் கறியும் ஒரு பொருட்டே அல்ல. மைக்கை மட்டும் தலைவர்களிடம் கொடுக்காதீர்கள். வாழ்த்துரைகளில் ஆண்டு விழாக்கள் செத்ததை நிறையப் பார்த்தாயிற்று.

பிளக்ஸும் வைக்கலாம். குழுப் படம், எல்லா முகமும் ஒரே அளவில், திரைச்சீலை இழுத்த பையனோடு சேர்த்து.

அப்படி ஒரு மாலை நடந்தால் முன்வரிசை நாற்காலிகள் யாருக்கு என்று எனக்கு இப்போதே தெரியும். ஐந்து மணிக்கு விழா என்றால் நாலு மணிக்கே வந்து இடம் பிடித்துவிடுவது எங்கள் பாட்டிமார்தான். நேரியலைத் தோளில் சரிசெய்துகொண்டு, பேரன் காட்டிக்கொடுத்த பச்சைப் பொத்தானைச் சரியாக அமுக்கி, போனை மேடையை நோக்கித் தூக்கிப் பிடித்திருப்பார்கள். கை கடுத்தால் இன்னொரு கைக்கு மாற்றிக்கொள்வார்கள். அந்தச் சின்னத் திரைக்குள், ஏதோ ஒரு லேபர் கேம்பின் இரும்புக் கட்டிலில் உட்கார்ந்து, பாலையிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்.